'போர்டு போயிடுச்சு' என்று சொல்வதற்கு முன்

பரணில் கிடந்த பழைய கேம் பாயை இறக்கித் தூசு தட்டி, புது பேட்டரி போட்டுச் சுவிட்சைத் தள்ளுகிறோம். சிவப்பு விளக்கு எரியவில்லை. "போர்டு போயிடுச்சு, தூக்கிப் போடு" என்று பக்கத்தில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, ஓடக்கூடிய கருவிகளைப் பழைய பொருள் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நின்டெண்டோ நிறுவனம் முதல் கேம் பாயை ஜப்பானில் வெளியிட்ட நாள் 1989 ஏப்ரல் 21. அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழு வண்ணத் திரையையும் பின்னொளியையும் வேண்டுமென்றே தவிர்த்தது. அதனால் நான்கு ஏஏ பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் விளையாட முடிந்தது. அதே காலத்தில் வந்த அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் வண்ணத்தில் ஒளிர்ந்தன. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்தன.

இவ்வளவு சிக்கனமான கருவியில் மின்சாரம் செல்லும் பாதையும் எளிமையானதுதான். பேட்டரியிலிருந்து ஸ்பிரிங், அங்கிருந்து சுவிட்ச், பிறகு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஒரு குட்டி போர்டு, கடைசியில் சிப்பும் திரையும். கோளாறு பெரும்பாலும் இந்தப் பாதையின் முதல் பாதியில்தான் இருக்கும். நாம் கடைசிப் பாதியின் மேல் பழி போடக் காரணமான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பேட்டரி கசிந்தால் வருவது ஆசிட். ஆப்பசோடா போட்டுத் துடைக்க வேண்டும்.

உண்மை: கருவிக்குள் கசிந்தது அல்கலைன் பேட்டரி என்றால், வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது அமிலத்துக்கு நேர் எதிரான காரம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறும். ஸ்பிரிங்கின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி அதுதான். சோடாவும் காரம் என்பதால் இதற்கு உதவாது. பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தடவுங்கள். நுரைத்து அடங்கியதும் ஈரப்பஞ்சால் துடைத்து, கடைசியாக ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த சாதா கார்பன் பேட்டரியின் கசிவு மட்டும் லேசான அமிலத்தன்மை உள்ளது. சோடாத் தண்ணீர் அதற்குப் பொருந்தும். ஆகவே கசிந்த பேட்டரியை வீசும் முன் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள். ஸ்பிரிங்கின் மேலுள்ள நிக்கல் பூச்சு போய்விட்டால் அது முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

நம்பிக்கை 2: மீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறது. எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது.

உண்மை: மல்டிமீட்டர் பேட்டரியிடமிருந்து ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. சும்மா நிற்கும் மாட்டுக்கும் பாரம் இழுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே உண்டு. பழைய பேட்டரியின் உள்மின்தடை கூடியிருக்கும். தனியே அளந்தால் நல்ல எண் வரும், கருவி இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும். எனவே பேட்டரிகளைக் கருவிக்குள் போட்டு, சுவிட்சைப் போட்ட நிலையில் அளவெடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் கீழே இறங்கினால் குற்றவாளி அதுதான்.

டார்ச் பேட்டரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகமெடுப்பதால் கொஞ்ச நேரம் எரியும் என்பது நிஜம். ஆனால் தீர்ந்த பேட்டரியில் அதன் உறை ஏற்கனவே அரித்துப் போயிருக்கும், சூடு கசிவைத்தான் விரைவுபடுத்தும். கேம் பாயில் இதைச் செய்யவே வேண்டாம்.

நம்பிக்கை 3: சிவப்பு விளக்கு எரிகிறது. ஆகவே மின்சாரம் சரியாக வருகிறது.

உண்மை: விளக்கு எரிய மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். விளக்கு மங்கலாக எரிந்து, ஆட்டம் நடுவில் நின்று முதலிலிருந்து தொடங்கினால், பெரும்பாலும் காரணம் சுவிட்ச். முப்பது ஆண்டுகளாக அதற்குள் இருக்கும் உலோகத் தகடுகளின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கேம் பாயின் முதுகில் 6 வோல்ட், 0.7 வாட் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் ஓடும் மின்னோட்டம் சுமார் 0.12 ஆம்பியர். சுவிட்சில் படிந்த அழுக்கு 10 ஓம் மின்தடை தந்தாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துபோகும். புதுப் பேட்டரியைப் போட்டும் பாதி தீர்ந்த பேட்டரி போலக் கருவி நடந்துகொள்வது இதனால்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவிட்சை முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால் கருவியைத் திறந்து, சுவிட்சுக்குள் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு மறுபடி தள்ளுங்கள். முழுக்கக் காயும்வரை பேட்டரி போடாதீர்கள். திறப்பதற்கு மூன்று கை கொண்ட ஒய் வடிவ முனையுள்ள திருப்புளி வேண்டும். சாதாத் திருப்புளியால் முயன்றால் திருகின் தலை நைந்துவிடும்.

நம்பிக்கை 4: ரீசார்ஜபிள் பேட்டரி 1.2 வோல்ட்தான். பழைய கருவிக்குப் போதாது.

உண்மை: சாதா பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை, படிப்படியாக இறங்கி 1 வோல்ட் வரை போகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2 வோல்ட் அருகிலேயே கழிக்கிறது. நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ட். கேம் பாய் அதில் நன்றாகவே ஓடும். ஒரே வேறுபாடு, தீரும்போது விளக்கு மெல்ல மங்கி எச்சரிக்காமல் சட்டென்று அணையும்.

உண்மையான ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரிகள் விற்கின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும். நான்கைப் போட்டால் கிட்டத்தட்ட 15 வோல்ட். அந்த நொடியில் போர்டு நிஜமாகவே போய்விடும்.

நம்பிக்கை 5: பின் உள்ளே நுழைந்தால் எந்த அடாப்டரும் சேரும்.

உண்மை: முதல் கேம் பாய்க்கு 6 வோல்ட். 1996இல் வந்த கேம் பாய் பாக்கெட்டுக்கும் 1998இல் வந்த கேம் பாய் கலருக்கும் 3 வோல்ட். வீட்டில் கிடக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் பின்னின் நடுப்பகுதி பிளஸ். கேம் பாய்க்கு நடுப்பகுதி மைனஸாக இருக்க வேண்டும். அடாப்டரின் மேல் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வளையமும் இருபுறம் பிளஸ் மைனஸ் குறிகளும் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

2003இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. தவறான மின்சாரம் பாய்ந்தால் முதலில் போவது போர்டிலுள்ள கடுகளவு ஃபியூஸாக இருக்கலாம். அதை மாற்றினால் கருவி பிழைக்கும். கம்பி வைத்து ஒட்டிவிட்டால் அடுத்த முறை காக்க எதுவும் இருக்காது.

நம்பிக்கை 6: ஆட்டம் அடங்கிய கார்ட்ரிட்ஜில் வாயால் ஊதினால் சரியாகிவிடும்.

உண்மை: மூச்சின் ஈரம் செம்புத் தொடர்புகளை அரிக்கும். ஊதியதும் ஓடுவது, கழற்றி மறுபடி செருகியதால்தான்.

இதில் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். கேம் பாய்க்குள் இருக்கும் 256 பைட் நிரல், நிறுவனத்தின் பெயரைக் கார்ட்ரிட்ஜிலிருந்து படித்துத் திரையில் இறக்கும். படிக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு கறுப்புப் பட்டை இறங்கி நிற்கும், 'டிங்' என்று மணியும் கேட்கும். கேட்டுவிட்டதா? பேட்டரி, ஸ்பிரிங், சுவிட்ச், சிப், திரை அத்தனையும் உயிரோடு இருக்கின்றன. கார்ட்ரிட்ஜ் செருகிய பிறகும் அதே பட்டை வந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அதன் பற்களைத் துடையுங்கள். திரையில் நிற்கும் செங்குத்துக் கோடுகளும் மின்சாரக் கோளாறு இல்லை. திரையோடு ஒட்டிய இணைப்பு விலகியதன் அடையாளம் அது.

நம்பிக்கை 7: சேமித்த ஆட்டம் அழிகிறது. கருவியின் பேட்டரி சரியில்லை.

உண்மை: போக்கிமான் போன்ற கார்ட்ரிட்ஜ்களுக்குள்ளேயே ஒரு நாணய பேட்டரி உண்டு. சேமித்ததைக் காப்பது அதுதான். கோல்டு, சில்வர் பதிப்புகளில் அது ஒரு கடிகாரத்தையும் ஓட்டுவதால் சீக்கிரம் தீர்கிறது. மாற்றும்போது பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். தகடு பற்றவைத்த பேட்டரியாகவே கேட்டு வாங்குங்கள். கழற்றிய கணமே பழைய சேமிப்பு போய்விடும் என்பதை முன்பே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேம் கியர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரை மங்கி, ஒலி தேய்ந்துபோயிருந்தால் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதன் கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசிவது பரவலாகத் தெரிந்த நோய். அவற்றை மொத்தமாக மாற்றினால் பெரும்பாலும் பழைய ஒளியும் ஒலியும் திரும்பிவிடும்.

ஆகவே வரிசையாகப் போங்கள்: பேட்டரி, ஸ்பிரிங், சுவிட்ச், பிறகு கார்ட்ரிட்ஜ் இல்லாத சோதனை. இத்தனையும் தாண்டியும் விளக்கு எரியாவிட்டால் மட்டும் போர்டைச் சந்தேகியுங்கள். கருவி உயிர்பெற்று, ஆசை தீர விளையாடி முடித்து, மறுபடி பரணில் ஏற்றும் நாளும் வரும். அன்று பின்மூடியைத் திறந்து நான்கு பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதை இறக்குபவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.