வெயிலில் போகாமலே வெயிலை அளக்கலாம்!

கோடை விடுமுறை விட்டாயிற்று. திருவண்ணாமலை பக்கம் இருப்பவர்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை பத்தரை மணிக்கு மேல் வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாது. கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வருபவர்கள்கூட ஒன்பது மணிக்கே வந்து மரத்தடியைப் பிடித்துக் கொள்கிறார்கள். பிள்ளைகளை "வெளியே போகாதே" என்று சொல்லி வீட்டுக்குள் அடைத்தால், அவர்கள் மொபைலோடு ஒரு மூலையில் உட்கார்ந்து விடுகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணி வரை தலை நிமிர்வதில்லை.

அந்த நேரத்துக்காகத்தான் இந்த மாதப் பாடம். வீட்டில் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் இருந்தால் போதும். இரண்டு இலவச சாப்ட்வேர்களை வைத்துக்கொண்டு, நம் வீட்டின் எந்தச் சுவரில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்று கண்டுபிடிக்கப் போகிறோம். விளையாட்டாகத் தொடங்கினாலும் இதன் முடிவு உபயோகமானது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், மத்தியானம் அவர்கள் எந்த அறையில் படுக்க வேண்டும் என்பதை இதைக்கொண்டு முடிவு செய்யலாம். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆகவே ஏசி இல்லாத வீட்டில் அறையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயம்.

ஸ்டெல்லேரியம்

முதல் சாப்ட்வேர் ஸ்டெல்லேரியம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபாபியன் ஷெரோ 2000-ம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. வானத்தை அப்படியே மானிட்டரில் காட்டும். முற்றிலும் இலவசம். ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளவும். ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஓட மறுத்தால் இதன் வெப் பதிப்பை பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் கீழே சொல்லும் கீகள் இன்ஸ்டால் செய்யும் பதிப்புக்கு உரியவை.

புரோகிராம் திறந்ததும் எஃப்6 கீயை அழுத்தவும். இடத்தைக் குறிப்பிடும் விண்டோ தோன்றும். லிஸ்ட்டில் உங்கள் ஊரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். அட்சரேகை கட்டத்தில் வடக்கு 12 டிகிரி 15 நிமிடம், தீர்க்கரேகை கட்டத்தில் கிழக்கு 79 டிகிரி 5 நிமிடம் என்று கொடுத்தால் அது வேங்கிக்கால். நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். இந்த இடத்தையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அதே விண்டோவில் ஒரு செக் பாக்ஸ் இருக்கிறது. அதை டிக் செய்து விடுங்கள்.

இப்போது எஃப்5 அழுத்தினால் தேதி, நேரம் மாற்றும் விண்டோ வரும். ஏப்ரல் 22, பகல் 12 மணி 12 நிமிடம் என்று கொடுங்கள். பிறகு எஃப்3 அழுத்தி, தேடும் கட்டத்தில் சூரியனின் ஆங்கிலப் பெயரை டைப் செய்து என்டர் தட்டவும். சூரியன் திரையின் நடுவுக்கு வரும். இடது பக்கம் வரிசையாக எண்கள் தோன்றும். அவற்றில் திசைக்கோணம், உயரக்கோணம் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வரிதான். உயரம் 90 டிகிரியை ஒட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். அதாவது சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே.

இதுதான் நிழலில்லா நாள். அன்று அந்த நிமிடத்தில் செங்குத்தாக நிறுத்திய பாட்டிலுக்கு நிழலே விழாது. மகர ரேகைக்கும் கடக ரேகைக்கும் இடையில் உள்ள எல்லா ஊர்களுக்கும் இப்படி வருடத்தில் இரண்டு நாள் உண்டு. நமக்கு ஏப்ரல் 22 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொன்று. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

உச்சிவேளை ஏன் 12 மணிக்கு வராமல் 12.12-க்கு வருகிறது என்று என் அக்கா மகன் கேட்டான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 79 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் கிட்டத்தட்ட 14 நிமிடம் தாமதம். பூமியின் சுற்றுப்பாதை, அச்சின் சாய்வு ஆகியவற்றால் வரும் சிறு வித்தியாசம் ஏப்ரல் கடைசியில் ஒன்றரை நிமிடத்தைக் குறைத்து விடுகிறது. மீதி 12 நிமிடம்.

அதையே நாமே கணக்கிடலாம்

சாப்ட்வேர் சொன்னதை நம்பி விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது எக்செல், ஏதாவது ஒரு ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள். ஏ2 செல்லில் 1-1-2027 என்று தேதி கொடுங்கள். (லீப் வருடம் அல்லாத எந்த வருடமும் சரி.) பி2-ல் 1, பி3-ல் 2 என்று டைப் செய்யுங்கள். தேதியைத் தனியாகவும், இந்த இரண்டு எண்களைச் சேர்த்து செலக்ட் செய்தும் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து 366-வது வரிசை வரை இழுத்து விடுங்கள். வருடத்தின் 365 நாட்களும் வந்துவிடும்.

சி2 செல்லில் இந்த பார்முலாவை அமைக்க வேண்டும்:

=23.45*சைன்(ரேடியன்ஸ்(360*(284+பி2)/365))

சைன், ரேடியன்ஸ் என்ற பங்ஷன் பெயர்களையும் செல் பெயரையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். ஸ்பிரெட்ஷீட்டுக்குக் கோணத்தை ரேடியனில் கொடுத்தால்தான் புரியும். அதற்காகத்தான் உள்ளே ரேடியன்ஸ் பங்ஷன். அதை விட்டுவிட்டால் எர்ரர் எதுவும் காட்டாது. பேசாமல் தப்பான விடையைக் கொடுக்கும். ஜாக்கிரதை.

இந்த பார்முலா தருவது அன்றைய சூரியச் சாய்வு. சூரியன் எந்த அட்சரேகைக்கு நேர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். இதை 366-வது வரிசை வரை இழுத்து விடுங்கள். சி காலத்தை செலக்ட் செய்து லைன் சார்ட் போட்டால் அழகான ஓர் அலை வரும். உச்சி ஜூன் 21 வாக்கில் 23.45, அடி டிசம்பர் 21 வாக்கில் மைனஸ் 23.45.

இப்போது நமது 12.25-ஐத் தேடுங்கள். ஏப்ரல் 22-க்கு 11.93, ஏப்ரல் 23-க்கு 12.27 என்று வரும். ஸ்டெல்லேரியம் 22 என்கிறது, நம் ஷீட் 23 என்கிறது. எது சரி? ஸ்டெல்லேரியம்தான். நாம் போட்டது எளிமையாக்கப்பட்ட பார்முலா. அதில் 81-வது நாள், அதாவது மார்ச் 22 அன்று சாய்வு பூஜ்யம் ஆகிறது. உண்மையில் சம இரவு நாள் மார்ச் 20-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அதனால்தான் ஏப்ரலிலும் நம் ஷீட் பின்தங்குகிறது. ஆகஸ்டில் இரண்டும் 20-ம் தேதியையே காட்டுகின்றன. பிள்ளைகளிடம் விடையைச் சொல்லிவிடாமல், ஏன் ஒரு நாள் பிசகுகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு முழு மத்தியானம் ஓடிவிடும்.

"சூரியன் ஏப்ரல் 22-லேயே தலைக்கு மேல் வந்துவிட்டால், மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் ஏன் அதிகம் கொளுத்துகிறது?" என்றும் கேட்பார்கள். அடுப்பைப் பற்றவைத்த உடனே தோசைக்கல் காய்ந்து விடுவதில்லை அல்லவா? அதே கதைதான். தரையும் பாறையும் நாள்தோறும் வாங்கும் சூடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் வந்த பிறகுதான் குறைகிறது.

எந்தச் சுவர், எந்த அறை?

இனிதான் முக்கியமான பகுதி. ஸ்பிரெட்ஷீட்டைப் பாருங்கள். ஏப்ரல் 22 முதல் ஆகஸ்ட் 20 வரை, சுமார் 120 நாள், சாய்வு 12.25-க்கு மேலேயே இருக்கிறது. அதாவது சூரியன் நமக்கு வடக்கே. காலையில் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மத்தியானம் உச்சிக்குச் சற்று வடக்கே நின்று, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. நாள் முழுவதும் தென்பாதி வானத்துக்கு வருவதே இல்லை. நேர் தெற்கு பார்த்த சுவரில் அந்த நான்கு மாதமும் ஒரு நிமிடம்கூட நேர் வெயில் விழாது! நம்பாதவர்கள் ஸ்டெல்லேரியத்தில் மே 15 என்று தேதி கொடுத்து, எல் கீயை இரண்டு மூன்று முறை தட்டி நேரத்தை வேகமாக ஓட விடுங்கள். (கே தட்டினால் பழைய வேகம்.) திசைக்கோணம் 90-க்கும் 270-க்கும் இடையில் போகிறதா என்று கவனியுங்கள். போகாது.

தெற்கு வாசல் வீடு கோடையில் குளுமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். தென்றல் ஒரு காரணம். இது இன்னொன்று.

மேற்குச் சுவர்தான் வில்லன். மே 15 மாலை 4 மணிக்கு சூரியனின் உயரம் 34 டிகிரி, திசைக்கோணம் 284. ஜன்னலுக்கு மேல் 2 அடி நீளும் சன்ஷேடு இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதன் நிழல் எவ்வளவு கீழே இறங்கும்? 2-ஐ 34 டிகிரியின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் சுமார் 1.4 அடி. 4 அடி ஜன்னலில் பாதிக்கு மேல் வெயில்தான். 5 மணிக்கு உயரம் 20 டிகிரி ஆகிவிடும். நிழல் முக்கால் அடிக்கும் குறைவு. ஆகவே மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு போட்டுப் பயனில்லை. வெளிப்புறம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ தொங்கவிட வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடி வழியாக உள்ளே வந்திருக்கும். தவிர, 9 அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். அதனால்தான் மேற்கு அறை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கிறது.

நம் மலை நிழல் தராதா என்றால், வேங்கிக்காலுக்கு மலை தென்மேற்காக நிற்கிறது. மே மாதச் சூரியன் அதைத் தொடாமல் வடக்கே ஒதுங்கி மறைகிறது. ஸ்டெல்லேரியத்துக்கு நம் மலை தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தெருவில் இருந்து எப்படி என்று மொட்டை மாடியில் ஒரு மாலை நின்று பார்த்து விடுங்கள்.

உங்கள் வீடு நேர் திசையில் இருக்க வேண்டும் என்பதில்லை. மொபைலில் உள்ள காம்பஸைச் சுவரோடு ஒட்டி வைத்து கோணத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ஒரு ஷீட்டில் அறைகளின் பெயரை வரிசையாகவும், காலை 9 முதல் மாலை 6 வரை மணிகளை மேலேயும் போட்டு, வெயில் விழும் செல்களுக்கு சிவப்பு நிறம் கொடுங்கள். மேல் மாடி அறைகளுக்கு மத்தியானம் முழுக்க சிவப்புதான். உச்சி வெயிலை மொத்தமாக வாங்குவது கான்கிரீட் கூரை.

இந்தப் படத்தைக் காட்டித்தான் எங்கள் பாட்டியின் கட்டிலை மேற்கு அறையில் இருந்து கீழ்த்தளத் தெற்கு அறைக்கு மாற்றினோம். "மேக்கால ரூம் கொதிக்கும்னு நான் சொன்னா கேக்கல, கம்ப்யூட்டர் சொன்னாத்தான் கேப்பீங்களாடா?" என்று பாட்டி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டரையும் கூடவே அந்த அறைக்கு மாற்றினோம். அதற்கும் வெயில் ஆகாது. சிபியூவின் பின்பக்கம் சுவரில் இருந்து நான்கு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், உள்ளே ஃபேனில் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். கோர் டெம்ப் என்ற இலவச சாப்ட்வேர் பிராசஸரின் வெப்பத்தைக் காட்டும். மேற்கு அறையிலும் தெற்கு அறையிலும் வைத்து மணிக்கொரு முறை குறித்து ஒப்பிட்டால் அதுவும் ஒரு நல்ல சார்ட்.

கரண்ட் போய்விட்டால்?

ஒரு அட்டையில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, இருட்டான அறையின் ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் வைத்து மற்ற இடங்களை அடைத்து விடுங்கள். துளைக்கு 3 மீட்டர் தூரத்தில் ஒளிக்கு நேராக வெள்ளைத் தாளைப் பிடித்தால் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு வட்டம் விழும். துளை சதுரமாக இருந்தாலும் வட்டமே விழும். காரணம், அது துளையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் தரையில் பார்த்த அதே வட்டம்தான். தூரத்தை வட்டத்தின் அகலத்தால் வகுத்தால் 107-ஐ ஒட்டி விடை வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதை 107-ஆல் வகுத்தால் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டம்! ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்து விட்டோம். துளை வழியாக சூரியனைக் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லி விடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் ஸ்க்ராட்ச் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத் தனிப் பாடம் வேண்டும்.

பாட்டில் சோதனையை நேரில் பார்க்க ஏப்ரலைத் தவறவிட்டவர்கள் ஆகஸ்ட் 20 அன்று செய்யலாம். அன்று உச்சிவேளை 12.12-க்கு வராது, 12.17-க்கு வரும். 12.10-க்கு செருப்புப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய், 12.20-க்கெல்லாம் இறங்கி விடுங்கள்.