உட்பொறியா? வெளிப்பொறியா?

பௌதிகம் பயிலும் மாணவனுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் வினவலாம். மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கப்பல் எந்திர அறையில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற என் தாய்மாமன், 24 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகொன்றை வாங்கினார். கொங்கணக் கரையோரமாக அலிபாகுக்கும் முருடுக்கும் சென்று வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காற்று ஓய்ந்தால் துணைக்கு ஒரு பொறி வேண்டுமன்றோ? அங்கேதான் வழக்குத் தொடங்கியது.

படகின் வயிற்றுக்குள் நிலையாக அமர்ந்து, அடிப்புறத்தைத் துளைத்துச் செல்லும் தண்டினால் விசிறியைச் சுழற்றுவது உட்பொறி. பொறியும் தண்டும் விசிறியும் ஒன்றாக இணைந்து, பின்பலகையில் மாட்டப்படுவது வெளிப்பொறி. இவற்றையே படகுக்காரர் இன்போர்டு என்றும் அவுட்போர்டு என்றும் வழங்குவர்.

முதலில் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்ப்போம். ஓடும் படகு தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடும். நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 6 கடல்மைல் வேகத்தை எட்டும்போது, அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் விரைவது தன் அலைமேல் தானே ஏறுவதற்கு ஒப்பாகும். ஆகவே, இரண்டு டன் எடையுள்ள எங்கள் படகுக்குப் பத்துக் குதிரைத்திறன் போதும். இதனை இருவகைப் பொறிகளும் தரும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது.

உட்பொறியின் விசிறி பெரிது, மெல்லச் சுழல்வது. மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளுவது, குறைந்த நீரை விரைவாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. எடையும் படகின் நடுவில் தாழ்வாக அமைகிறது. டீசல் எளிதில் தீப்பற்றாது. பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. மூடிய அடித்தளத்தில் தேங்கினால் ஒரு பொறி நெருப்பு போதும். ஆனால் உட்பொறியின் எடை நூறு கிலோவுக்கும் மேல், விலையும் பன்மடங்கு, படகின் அடியில் துளையிடவும் வேண்டும்.

வெளிப்பொறியை நீருக்குமேல் தூக்கி நிறுத்தலாம். வற்றுநீரில் சேற்றின்மேல் அமரும் எங்கள் படகுக்கு இது பெரிய நன்மை. மழைக்கால நான்கு மாதமும் கழற்றி வீட்டில் வைக்கலாம். பழுதானால் கடைக்கே தூக்கிச் செல்லலாம்.

சென்ற சனவரியில், இரவலாகப் பெற்ற வெளிப்பொறியொன்றை மாட்டிக்கொண்டு வெள்ளோட்டம் விட்டோம். பிற்பகலில் வடமேற்குக் காற்று வலுத்தது. பாயை இறக்க மாமா முன்புறம் சென்றார். முன்புறம் தாழ்ந்தது, பின்புறம் எழுந்தது, விசிறி நீரைவிட்டு வெளியே வந்து வீணே அலறியது. படகு பாறைகளை நோக்கி ஒதுங்கிற்று. மாமா ஓடிவந்து பின்புறம் அமர்ந்த பிறகே விசிறி நீரைப் பற்றியது. நாங்கள் கரை சேரும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லை.

கரையேறியதும் மாமா, "இனி டீசல் உட்பொறிதான், இருக்கிற பணமெல்லாம் போனாலும் சரி" என்றார். அந்தப் பணம் அவர் மகளின் படிப்புக்கென்று அத்தை ஒதுக்கியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

மறுநாள் அளவுநாடாவுடன் படகுக்குச் சென்றேன். இரவல் பொறியின் தண்டு 15 அங்குல வகை. உயர்ந்த பின்பலகை கொண்ட எங்கள் படகுக்கு வேண்டியதோ 25 அங்குல வகை. குற்றம் வெளிப்பொறியினுடையதன்று, அளக்காமல் மாட்டிய எங்களுடையது.

"அப்படியானால் நீளத்தண்டு வாங்கினால் ஆபத்தே இல்லையா, மருமகனே?" என்று மாமா கேட்டார். இல்லையென்று சொல்ல என் மனம் இசையவில்லை. பேரலையில் நீளத்தண்டும் வெளியே வரும். நாள்கணக்கில் திறந்த கடலில் செல்வோர்க்கு உட்பொறியே தக்கது. கரையோரமாகச் சென்று, காற்று வலுக்குமுன் திரும்புவோர்க்கு நீளத்தண்டு வெளிப்பொறி போதும். பெட்ரோல் கலம் மட்டும் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் இருக்கவேண்டும். "நீங்கள் எத்தகைய பயணி, மாமா?" என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணியபின், "நண்பகலுக்குள் திரும்புகிறவன்" என்றார்.

நண்பர்களே, எந்தப் பொறி சிறந்தது என்ற வினாவுக்கு விடையில்லை. எந்தப் படகுக்கு, எந்த நீரில், யார் கையில் என்று கேட்டால் விடை உண்டு. அத்தையின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.