மண்ணில்லாத் தோட்டம்: விதை குடியிருக்கும் கட்டி

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னார்கள். பால்கனியில் ஹைட்ரோபோனிக் தொட்டி வைத்தாயிற்று, உரக் கரைசலும் ஊற்றியாயிற்று, ஆனால் விதை முளைப்பதில்லை. முளைத்தாலும் நாலாம் நாள் தலை சாய்ந்துவிடுகிறது என்று. தொட்டியைப் பற்றியும் குழாயைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். முதல் இரண்டு வாரம் விதை குடியிருக்கும் 'பிளக்' என்னும் சின்னக் கட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தில்லிக்கு எங்களோடு வந்து தங்கிய அம்மா, ஒரு தீப்பெட்டி நிறையத் தண்டுக்கீரை விதை கொண்டுவந்திருந்தார். எங்கள் கொல்லையில் வருஷா வருஷம் எடுத்து வைத்த விதை. வீட்டை விற்றாகிவிட்டதால் இனி அந்தக் கொல்லையும் இல்லை. சந்தையில்தான் சௌலாய் கிடைக்கிறதே என்பீர்கள். நானும் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. மூன்றாவது மாடியில் மண் சுமக்க முடியாது என்று தண்ணீர்த் தோட்டம் போட்டேன். பாதி விதையை பிளக்குகளில் இட்டேன். ஒன்றுகூடத் தேறவில்லை.

மூன்று தவறு செய்திருந்தேன். வாங்கிவந்த தென்னை நார்க்கழிவைக் கழுவவில்லை. முதல் நாளே உரக் கரைசலில் நனைத்தேன். தட்டில் எப்போதும் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, வெதைய இப்படி முக்கி வச்சிருக்கியே, அது மூச்சு விட வேண்டாமா?" என்றார். விஷயம் அவ்வளவுதான். முளைக்கும் விதைக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு பிராணவாயுவும் தேவை. பிளக்கின் துளைகளில் எல்லாம் தண்ணீரே நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை, விதை அழுகும். தப்பி முளைத்த நாற்றும் தண்டடியில் நீர் கோத்தது போலாகிச் சாயும். இது நாற்றழுகல் நோய். பித்தியம் போன்ற நுண்ணுயிர்களுக்கு ஈரமும் புழுக்கமும் கொண்டாட்டம்.

கடையில் பல வகை பிளக் உண்டு. பாறையை உருக்கி நூலாக்கிய ராக்வூல் நன்றாக வேலை செய்யும். ஆனால் காரத்தன்மை உடையது, சற்றே அமிலமாக்கிய நீரில் ஊறவைக்க வேண்டும், மக்கவும் மக்காது. ஸ்பாஞ்சுத் துண்டு மலிவு. என் ஓட்டு தென்னை நார்க்கழிவுக்கே. ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிற்சாலைகளின் பக்கத்தில் மலைமலையாய்க் குவிந்து கிடந்த பொருள், இன்று பொள்ளாச்சியிலிருந்து கட்டிகளாகக் கப்பலேறுகிறது.

650 கிராம் கட்டி ஒன்றை நாலைந்து லிட்டர் தண்ணீரில் போட்டால் பக்கெட் நிறைய உப்பிவிடும். அதைத் துணியில் கட்டி மூன்று நான்கு தடவை அலச வேண்டும். தென்னை நாரில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு; உப்பங்கழியில் ஊறிய நாரென்றால் இன்னும் கூடுதல். குடிநீருக்காக டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் வடியும் நீரை அளந்து பாருங்கள். ஊற்றிய நீரின் அளவுக்கு அருகில் வந்தால் போதும். பிறகு லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலசினால், நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பின்னால் நாம் ஊற்றும் கால்சியத்தை நாரே விழுங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரை வீணாக்க மனமில்லாமல் நம் வீடுகளில் பக்கெட்டில் பிடித்து வைக்கிறோம். தரை துடைக்கலாம், பிளக்குக்கு ஊற்றக் கூடாது. குடிநீரிலிருந்து விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அலசிய நாரை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு விழலாம், ஒழுகக் கூடாது. அந்தப் பதத்தில் குழித்தட்டிலோ இரண்டு அங்குல வலைக்கிண்ணத்திலோ நிரப்பி, விரலால் லேசாக அமர்த்தினால் போதும். இட்லித் தட்டில் மாவை அழுத்தி நிரப்புவோமா?

தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. மேலே தூவி, மேலாக நார்த்தூள் தெளித்தால் போதும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இடலாம். வெந்தயத்தை முந்திய இரவே ஊறவைக்கலாம். தண்டுக்கீரைக்கு வெப்பம் பிடிக்கும். தில்லியில் மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை விதைக்கலாம். லெட்டூஸ் விதையோ முப்பது டிகிரியைத் தாண்டினால் உறங்கிவிடும், அதை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை மூடி நிழலில் வைக்கவும். முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும். தண்ணீர் அடியிலிருந்து காட்டி, பத்து நிமிஷத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தால் பச்சைப்பாசி படரும். விதையிலைகள் விரியும்வரை உரம் வேண்டாம், விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கிறது. பிறகு கால் பங்கு வீரியத்தில் தொடங்கிப் பாதிக்கு வரலாம். அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்து, இரண்டு உண்மையிலைகள் வந்ததும் பிளக்கோடு தொட்டிக்கு மாற்றுங்கள். வேரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

மோட்டார் இல்லாத தொட்டியானால் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி சொன்ன முறை எளிது. முதலில் கரைசல் கிண்ணத்தின் அடியைத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் காற்றை வாங்கும். அதை மறுபடி விளிம்புவரை நிரப்பினால் அந்த வேர்கள் மூழ்கிப்போகும். விதைக்கு மூச்சு வேண்டும் என்று சொன்ன அதே அம்மா, செடிக்குத் தாகம் எடுக்குமே என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்ததை நான் ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இரண்டு செடி போயிற்று.

மீதி நின்றது. இளங்கீரையாக நாலு முறை கிள்ளினோம். மூன்று செடிகளை மட்டும் ஒரு பெரிய மண்தொட்டிக்கு மாற்றி, பூக்கவிட்டு விதை எடுத்தோம். தீப்பெட்டி இப்போது போதவில்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.