நாலு, அஞ்சு, ஆறாம் மாதம்: அசட்டையாக இருக்கக் கூடாத நாட்கள்

மசக்கை அடங்கிச் சோறு ருசிக்கத் தொடங்கியதும், ‘உடம்பு தேறிடுச்சு’ என்று மறுபடி கம்பெனி வேனில் ஏறிவிடும் பெண்கள் மல்லாங்கிணறு, விருதுநகர், சிவகாசிப் பக்கம் பலர். தவறவிடக் கூடாத மாத்திரையும் பரிசோதனையும் இந்த மாதங்களில்தான் வருகின்றன.

1. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள், மாசமாக இருப்பதைப் போர்மேனிடம் சொல்லி, மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளை விட்டு விலகிவிடுங்கள். கர்ப்பத்தில் வழக்கத்தைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறோம். அலுமினியத் தூளும் கந்தகமும் அதோடு உள்ளே போகும். சோற்றில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றித் தனியாக நனைத்து வையுங்கள். வீட்டில் வைத்து மருந்து செலுத்தித் தரச் சொன்னால், முன்பணம் வாங்கியிருந்தாலும் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், ஒரு பொறியில் போவது இரண்டு உயிர். தீப்பெட்டி ஒட்டுபவர்களும் மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும்.

2. இந்த மாதங்களில் ரத்தத்தின் அளவு கூடிக்கொண்டே போகும். சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்குக் கூடாததால் ரத்தசோகை வரும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சம்மா தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, ராத்திரி போடலாம். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள்; அது பகல் சாப்பாட்டோடு. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

3. பதினாறாம் வாரத்தில் பிள்ளை ஏறக்குறைய 100 கிராம், இருபதில் 300, ஆறாம் மாதம் முடியும்போது ஒரு கிலோவை நெருங்கும். முதல் பிரசவமானால் அசைவு 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியும். அடுத்த பிள்ளைக்குச் சற்று முன்பே. 24 வாரமாகியும் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். அதையொட்டிய வாரங்களில் பிள்ளை சத்தத்துக்கு அசையத் தொடங்கும். பேசுங்கள், அப்பாவையும் பேசச் சொல்லுங்கள்.

4. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதயம், முதுகெலும்பு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் தெரியும். ஆணா பெண்ணா என்று மாமியார் கேட்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

5. முதல் தடவை சர்க்கரை சரியாக இருந்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

6. தொப்புளுக்குக் கீழே கருங்கோடு விழுவது இயல்பு. கெண்டைக்கால் பிடித்தால் பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி இழுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள்.

7. இரண்டு ஆள் சோறு வேண்டாம். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, முட்டை போதும். எண்ணெய்ப் பரோட்டா ஆசைக்கு எப்போதாவது. அங்கன்வாடிச் சத்துமாவு உங்களுக்கானது; வீட்டில் பங்கு போடாதீர்கள்.

8. ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே பையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.