ஒரே வீடு, நாலு பங்கு: வாடகையை நியாயமாகப் பிரிப்பது எப்படி?

தீபாவளிக்கு முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வருகிற பஸ்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. வருகிறவர்களில் அநேகர் நமது பிள்ளைகள்தான். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறவர்கள், செக்கியூரிட்டி வேலைக்குப் போனவர்கள், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தின் தொழிற்சாலைகளில் தையல் மெஷினுக்கு முன் இருக்கிறவர்கள். இவர்கள் தனியாக வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். அதனால் மூன்று பேர், நாலு பேர், சில இடங்களில் ஆறு பேர் கூடி ஒரு வீட்டையோ அறையையோ எடுக்கிறார்கள்.

அண்மையில் நாம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா எம்மிடம் சொன்னார்: “நாலு பேரும் ஒரே லயத்துப் புள்ளைங்க. ஒண்ணா பள்ளிக்கூடம் போனவங்க. இப்ப மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. வீட்டு அட்வான்ஸுக்கு நான் என் தோட்டை அடகு வச்சுக் காசு குடுத்தேன். எம்புள்ள கோவிச்சுக்கிட்டு வந்துட்டான். அந்தக் காசும் வரல, தோடும் வரல.”

விசாரித்துப் பார்த்தோம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாடகையை நாலாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேர் பெரிய அறையில், ஒருவர் சின்ன அறையில் தனியாக. இந்த அம்மாவின் மகன் ஹோலில் ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்தவர். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருகிறவர்கள் அவருடைய காலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். காசு மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. ஆறு மாதம் பொறுத்தார், ஏழாம் மாதம் சண்டை.

சமமாகப் பிரிப்பது எல்லா நேரமும் நியாயமாகாது. இதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதல் முறை: அடிக்கணக்கு

கணக்கு இலகுவாக இருப்பதற்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறோம். வீட்டு வாடகை மாதம் 36,000 ரூபா. ஆட்கள் நாலு பேர். ஒரு டேப்பை எடுத்து வீட்டை அளந்து பாருங்கள்.

பெரிய அறை 120 சதுர அடி (இரண்டு பேர்).
சின்ன அறை 80 சதுர அடி (ஒருவர்).
ஹோலில் படுக்கும் மூலை 40 சதுர அடி (ஒருவர்).
குசினி, குளியலறை, ஹோலின் மிச்சம் 160 சதுர அடி (எல்லோருக்கும் பொது).

மொத்தம் 400 சதுர அடி. 36,000ஐ 400ஆல் பிரித்தால் ஒரு சதுர அடிக்கு 90 ரூபா வருகிறது.

பொது இடத்துக்கு 160 x 90 = 14,400 ரூபா. இதை எல்லோரும் பாவிப்பதால் நாலு பேரும் சமமாகப் போட வேண்டும். ஆளுக்கு 3,600.

பெரிய அறைக்கு 120 x 90 = 10,800. இருவருக்கு ஆளுக்கு 5,400.
சின்ன அறைக்கு 80 x 90 = 7,200. தனியாக இருப்பவர் முழுவதையும் கட்ட வேண்டும்.
மூலைக்கு 40 x 90 = 3,600.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெரிய அறையில் இருப்பவர்கள் ஆளுக்கு 9,000. சின்ன அறையில் தனியாக இருப்பவர் 10,800. மூலையில் படுப்பவர் 7,200. எல்லாம் சேர்த்தால் 36,000 சரியாக வரும்.

சின்ன அறைக்காரர் “என் அறைதானே சின்னது, நான் ஏன் கூடக் கட்டணும்?” என்று கேட்கலாம். அவருக்குக் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அறையில் வேறு ஆள் இல்லை. தனியாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய அறைக்காரர் இருவருக்கும் ஆளுக்கு 60 அடிதான் கிடைக்கிறது. மூலைக்காரருக்கோ 40 அடியும் இரவில் மற்றவர் காலடிச் சத்தமும்தான். ஜன்னல் இல்லாத அறை, மழைக்கு ஒழுகும் அறை என்றால் இந்தத் தொகையில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதைப் பேசி முடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை: சீட்டில் எழுதுவது

அடிக்கணக்கு எல்லாவற்றையும் சொல்லாது. ஒருவருக்குக் காற்று முக்கியம், இன்னொருவருக்கு அமைதி முக்கியம். அப்போது அவரவர் மனதில் உள்ள விலையைக் கேட்பதே நல்லது.

இரண்டு பெண்பிள்ளைகள் 24,000 ரூபாவுக்கு இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை எடுக்கிறார்கள் என்று வைப்போம். ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல் ஒரு சீட்டில் இரண்டு அறைக்கும் விலை எழுத வேண்டும். இரண்டையும் கூட்டினால் 24,000 வர வேண்டும். அதுதான் நிபந்தனை.

அக்கா எழுதுகிறார்: பெரிய அறை 14,000, சின்ன அறை 10,000.
தங்கச்சி எழுதுகிறார்: பெரிய அறை 16,000, சின்ன அறை 8,000.

பெரிய அறைக்குக் கூட எழுதியவர் தங்கச்சி. அறை அவருக்கு. விலை 14,000க்கும் 16,000க்கும் நடுவில் 15,000. அக்கா சின்ன அறைக்கு 9,000 கட்டுகிறார். தங்கச்சிக்குத் தான் எழுதியதைவிட 1,000 ரூபா குறைவு. அக்காவுக்கும் தான் எழுதியதைவிட 1,000 ரூபா குறைவு. பெரிய அறையை 15,000க்கு எடு என்றாலும் அக்கா எடுக்கமாட்டார். அவருடைய மனதில் அது 14,000தான். அதனால் பொறாமைக்கு இடமில்லை.

இது விளையாட்டு அல்ல. அறைகளையும் வாடகையையும் யாரும் மற்றவர் பங்கைப் பார்த்து ஏங்காதபடி பிரிப்பதைப் பற்றி, பிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் 1999இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். நாம் லயத்தில் பழத்தைப் பங்கு வைக்கும்போது ‘வெட்டினவன் கடைசியா எடுக்கட்டும்’ என்று சொல்வதில்லையா? அதுவும் இந்த வழிதான். இருவர் மட்டும் என்றால் ஒருவர் இரண்டு அறைக்கும் விலை வைக்கட்டும், மற்றவர் முதலில் தெரிவு செய்யட்டும். விலை வைப்பவர் தானாகவே நியாயமாக வைப்பார்.

சம்பளத்தைப் பார்த்துப் பிரிக்கலாமா?

அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி என்றால் கூட உழைப்பவர் கூடப் போடுவது வழக்கம். அதில் பிழையில்லை. கூட்டாளிகளுக்கிடையில் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. “உனக்குத்தான் ஓவர்டைம் கிடைக்குதே” என்று ஒருவரின் சம்பளத்தைத் துருவ ஆரம்பித்தால் அந்த வீட்டில் நிம்மதி இருக்காது. அவராக விரும்பிக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு செக்ரோல்

வாடகை வேறு, சாப்பாடு வேறு. ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாலும் வாடகை குறையாது, ஏனென்றால் அந்த இடம் அவருக்காகக் காத்திருக்கிறது. சாப்பாடு அப்படியல்ல. இதற்கு நமக்குப் பழகின வழி இருக்கிறது. தோட்டத்தில் செக்ரோலில் பேர் போடுவதுபோல வீட்டிலும் ஒரு கொப்பியில் பேர் போடுங்கள். ஒரு நாள் சாப்பிட்டால் ஒரு பேர். இரவுச் சாப்பாடு மட்டும் என்றால் அரைப்பேர்.

மாதச் சாமான் செலவும் கேஸும் சேர்த்து 42,000 ரூபா. பேர்கள் 30, 30, 25, 20. மொத்தம் 105 பேர். ஒரு பேருக்கு 400 ரூபா. எனவே 12,000, 12,000, 10,000, 8,000. யாரும் வாய் திறக்க இடமில்லை.

தினமும் ஒருவரே சமைக்கிறார் என்றால் அவருடைய உழைப்பையும் மறக்கக் கூடாது. முறை வைத்துச் சமையுங்கள், இல்லாவிட்டால் அவருடைய பங்கில் ஒரு தொகையைக் குறையுங்கள். பெண்பிள்ளைகள் வீட்டில் ‘மூத்தவ சமைப்பா’ என்று விட்டுவிடுவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

லைட் பில்

சண்டை அநேகமாக அயன் பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது. உண்மையில் எது கூடச் சாப்பிடுகிறது? 1,000 வோட் அயன் பெட்டி ஒரு மணித்தியாலம் முழுக்கச் சுட்டால் 1 அலகு. தினமும் கால் மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு ஏழரை அலகுக்கு மேல் போகாது. 60 வோட் மின்விசிறி இரவு எட்டு மணித்தியாலம் சுற்றினால் ஏறக்குறைய அரை அலகு. மாதத்துக்கு 14 அலகுக்கு மேல். அயன் பண்ணுகிறவரைத் திட்டுகிறவர் தன் தலைமாட்டில் சுற்றுகிறதை ஒருதரம் பார்க்கட்டும்.

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. மேலே போகப் போக நிலையான கட்டணமும் கூடுகிறது. எனவே கடைசிப் பத்து அலகை மிச்சப்படுத்தினால் நாலு பேருக்கும் இலாபம். தனக்கென்று மின்விசிறி வைத்திருப்பவர் அதற்குரிய அலகுக் கணக்கைத் தனியாகப் போடட்டும். மிச்சத்தைச் சமமாகப் பிரியுங்கள்.

அட்வான்ஸ்: இங்கேதான் கவனம்

நமது பிள்ளைகள் அதிகமாக இழப்பது அட்வான்ஸில்தான். அது சம்பளத்தில் வருகிற காசு அல்ல. அம்மாவின் தோடு, அப்பாவின் சேமலாப நிதி, சீட்டுக் காசு. அதனால் இவற்றைச் செய்யுங்கள்:

1. வாடகைப் பங்கின்படியே அட்வான்ஸையும் போடுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ் 108,000 ரூபா என்றால், பெரிய அறைக்காரர் ஆளுக்கு 27,000, சின்ன அறைக்காரர் 32,400, மூலைக்காரர் 21,600.

2. வீட்டுக்காரரிடம் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தில் நாலு பேருடைய பேரும் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கையெழுத்து வைத்தால் நாளை பொறுப்பும் அவருக்கு, காசும் அவர் கையில்.

3. நாலு பேருக்குள்ளும் ஒரு தாள் எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டார், வெளியேறுவதானால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒருவர் போனால், அவருடைய இடத்துக்கு வருகிறவர் அந்த அட்வான்ஸ் பங்கைப் போகிறவர் கையில் கொடுத்த பிறகே பெட்டியை உள்ளே வைக்க வேண்டும்.

“நமக்குள்ள என்னத்துக்கு எழுத்து?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நமக்குள் என்பதால்தான் எழுத வேண்டும். வெளியாள் என்றால் ஒருதரம் சண்டை போட்டு விட்டுவிடலாம். ஒரே லயத்துப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டால் இரண்டு குடும்பமும் ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க முடியாமல் போகிறது.

அந்த அம்மாவின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். பொங்கலுக்கு நாலு பேரும் ஊருக்கு வந்தபோது அவர்களை உட்காரவைத்து, ஒரு கொப்பித் தாளில் இதே கணக்கைப் போட்டுக் காட்டினோம். மூலையில் இப்போது வேறொரு தம்பி படுக்கிறார். அவர் அட்வான்ஸ் பங்கை இரண்டு தவணையில் கொடுத்தார். தோடு திரும்பி வந்துவிட்டது. நாலு பேரில் இருவர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் அதுவும் நடந்திருக்காது.

வீட்டில் செய்து பாருங்கள்

வாடகை 25,000 ரூபா. பெரிய அறை 100 சதுர அடி, இருவர். சின்ன அறை 60 சதுர அடி, ஒருவர். பொது இடம் 90 சதுர அடி. யார் எவ்வளவு கட்ட வேண்டும்?

விடை: பெரிய அறையில் ஆளுக்கு 8,000. சின்ன அறையில் 9,000. விடை சரியாக வந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து, கொழும்புக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.