சாவுக்கு அஞ்சாத படையை எழுதப்போகும் மருமகளுக்கு

அன்புள்ள கயல்,

உன் கதையின் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். பேரரசனுக்காக உயிரைத் துச்சமாக நினைக்கும் கறுப்புக் கவசப் படை, போருக்கு முன் ரத்த வழிபாடு, பிறகு ஒரே வெட்டுக் குத்து. சண்டை நன்றாக ஓடுகிறது. ஆனால் இந்த வீரர்கள் ஏன் சாகத் துணிகிறார்கள் என்று கேட்டால் கதையில் பதில் இல்லை. வெறியர்கள், அதனால் சாகிறார்கள் என்று நீ சொல்லலாம். அது பதில் ஆகாது.

‘டியூன்’ படங்களைப் பார்த்த சூட்டோடு எழுத உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிகிறது. 2021-இல் வந்த முதல் படத்தில், கொட்டும் மழையில் அணிவகுத்து நிற்கும் பேரரசனின் சர்டவ்கார் வீரர்களின் நெற்றியில் ரத்தக் குறி இடுவார்களே, அது உன் கதையில் அப்படியே இருக்கிறது. அந்தச் சடங்கு படத்துக்காகச் சேர்த்தது. 1965-இல் நூலாக வந்த ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் மூல நாவலில் கிடையாது. நாவல் போடும் கணக்கு வேறு. சலூசா செகுண்டஸ் பேரரசின் சிறைக் கிரகம். அங்கே புதிதாகப் போகும் கைதிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும் மேல் செத்துப்போகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிழைத்தவர்களுக்கு நீங்கள் மற்றவர்களைவிட உயர்ந்தவர்கள் என்ற ரகசியப் பெருமிதத்தை ஊட்டி, மாளிகையும் சுகபோகமும் கொடுத்தால் சர்டவ்கார் தயார்.

நாவலின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. பலர் புரட்டாமலே விட்டுவிடும் பகுதி. பேரரசன் நான்காம் ஷாடம் ஆட்சிக்கு வருவதற்குள் இந்தப் படை தன் பலத்தின்மேல் வைத்த அதீத நம்பிக்கையாலேயே தளர்ந்துவிட்டது, அதன் போர் மதத்தின் பிடிப்பையும் அவநம்பிக்கை அரித்துவிட்டது என்று அங்கே ஒரு குறிப்பு வருகிறது. வாளும் பயிற்சியும் அதேதான். உள்ளே பக்தி மட்டும் காலி. கதையில், பாலைவனக் கிரகமான அர்ராகிஸின் ஃபிரெமென் மக்களைப் பிடித்துவரப் பேரரசன் ஐந்து கலங்களில் சர்டவ்கார்களை அனுப்புகிறான். மூன்று கைதிகளோடு ஒரே ஒரு கலம் தப்பித்துத் திரும்புகிறது. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்!

அந்த ஃபிரெமென்களுக்கும் பாலைவனம் ஒரு சலூசா செகுண்டஸ்தான். ஆனால் அவர்களிடம் நம்பிக்கை உயிரோடு இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில்தான் ஹெர்பெர்ட்டின் கெட்டிக்காரத்தனம். பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு, பின்தங்கிய கிரகங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, மீட்பர் ஒருவர் வருவார் என்பதுபோன்ற கதைகளைப் பரப்பி வைக்கிறது. பிற்காலத்தில் தங்கள் சகோதரி யாராவது அங்கே மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ள உதவுமாம். காப்பீட்டுத் திட்டம் மாதிரி ஒரு மதம்! ஃபிரெமென்கள் பின்னால் மீட்பராக ஏற்கும் நாயகன் பாலின் தாய் ஜெசிகா ஒரு பெனி ஜெஸரிட். அவள் அர்ராகிஸுக்கு வந்த புதிதில், வீட்டு வேலைக்கு வந்த மேப்ஸ் புனிதக் கத்தியை நீட்டிச் சோதிக்கிறாள். இது தன் அமைப்பே நட்டுவைத்த கதை என்று ஜெசிகாவுக்கு உடனே புரிகிறது. புரிந்தும், மேப்ஸ் எதிர்பார்க்கும் பதிலைத் தடவித் தடவிச் சொல்லிவிடுகிறாள். மேப்ஸின் பக்தியில் பொய் இல்லை. அது எதன்மேல் நிற்கிறதோ அதுதான் பொய். என்னைக் கேட்டால் மணல்புழுச் சவாரியைவிட இந்தச் சின்னக் காட்சிதான் பெரியது.

அதன் விலையையும் ஹெர்பெர்ட் காட்டுகிறார். ஃபிரெமென் தலைவன் ஸ்டில்கர் பாலுக்கு முதலில் ஆசான், பிறகு நண்பன், கடைசியில் வெறும் பக்தன். ஒரு மனிதன் தன் கண்ணெதிரே சுருங்கிப்போனதைப் பார்த்துப் பால் துக்கப்படுகிறான். 1969-இல் வந்த ‘டியூன் மெசையா’வில் அவனே கணக்குச் சொல்கிறான்: அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்கள் குறைத்துச் சொன்னாலும் 6,100 கோடிப் பேர். தொண்ணூறு கிரகங்கள் பாழ். பாலை வெறும் வெற்றி வீரனாகக் கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டாம் நூலைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று. பக்தனை முட்டாளாக எழுதிவிடாதே. கார்டன் டிக்சனின் ‘சோல்ஜர், ஆஸ்க் நாட்’ நாவலில் வரும் பத்திரிகையாளன் டாம் ஓலின், மதவெறிக் கூலிப்படை ஒன்றை அழிக்கத் துடிக்கிறான். அவன் வெறுப்புக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் படையின் அதிகாரி ஜேமித்தான் பிளாக்கின் உறுதிக்கு முன்னால் அவன் சாமர்த்தியம் எடுபடவில்லை. ஜேமித்தானின் மதம் நமக்குப் பிடிக்காது. அவனைக் கேலி செய்யவும் முடியாது. இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொண்டுவருவது சுலபமில்லை.

உன் கதைக்கு வருவோம். தளபதி இருக்கிறான், நெற்றியில் ரத்தம் வைக்கும் பூசாரிக்குப் பெயர்கூட இல்லை. முதலில் அவனை எழுது. அந்த மந்திரத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார், அதனால் பேரரசனுக்கு என்ன லாபம், யாரும் பார்க்காதபோதும் அவன் அதைச் சொல்கிறானா? இவை தெரிந்த பிறகு சண்டைக்குப் போ. பன்னிரண்டு பக்கச் சண்டை நான்காகக் குறைந்தாலும் பரவாயில்லை.

டிக்சன் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அம்மா ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். போனமுறை வாங்கிப்போன இரண்டு புத்தகங்களை அவளிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
மாமா