‘பூட் ஆகலை’ என்பதற்கு முன்னால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் செய்தி கிடைத்தது. “மாமா, பை அவுட். பூட்டே ஆகலை. புதுசுதான் வாங்கணும்.” மூன்று வரியில் நீ கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. மூன்றுமே நீயாக எடுத்த முடிவு. துருவிக் கேட்ட பிறகுதான் “மானிட்டர்ல ஒண்ணும் வரலை” என்றாய். நடந்தது அவ்வளவுதான். மானிட்டரில் ஒன்றும் வராததற்கும் போர்டு செத்துப்போனதற்கும் இடையில் ஏகப்பட்ட படிகள் இருக்கின்றன. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். போர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ராஸ்பெர்ரி பை என்கிற இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது என்று தெரிந்துகொள். வீட்டு டெஸ்க்டாப்பில் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், லோகோ வரும், ராம் கழன்றிருந்தால் பீப் அடித்துக் கத்தும். ராஸ்பெர்ரி பை அப்படியெல்லாம் சத்தம் போடாது. எபென் அப்டனும் அவருடைய கேம்பிரிட்ஜ் சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவாக்கிய முதல் பை, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்த விலைக்குப் பவர் பட்டனும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. போர்டில் பட்டன் வைத்ததே 2023-ல் வந்த பை 5-ல்தான்.

கரண்ட் வந்ததும் முதலில் எழுந்திருப்பது நீ நினைக்கிற ஏஆர்எம் பிராசசர் இல்லை. படம் காட்டுவதற்கென்று இருக்கும் வீடியோகோர் பகுதிதான் முதலில் எழும். சிப்புக்குள்ளேயே பொறித்திருக்கும் சின்ன நிரலை அது ஓட்டும். பை 3 வரை, அடுத்த கட்டத்துக்கான நிரலை அது எஸ்டி கார்டில் தேடும். உன்னிடம் இருக்கும் பை 4-ல் அந்த நிரல் போர்டிலேயே ஈஈப்ராம் என்ற சிப்பில் இருக்கிறது. அதன்பின் கார்டில் உள்ள ஸ்டார்ட் கோப்பு ஏறும். அது கான்ஃபிக் கோப்பைப் படித்து, லினக்ஸ் கர்னலை ராமில் ஏற்றி, கடைசியில்தான் ஏஆர்எம்மைத் தட்டி எழுப்பும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் உனக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான். எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை.

மேலிருந்து ஆரம்பிப்போம். கரண்ட்.

சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம், போதுமான கரண்ட் வருகிறது என்று அர்த்தம் இல்லை. பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். உன் போன் சார்ஜரில் 33 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதே. பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று படி, சில சார்ஜர்களில் 2 என்றுதான் இருக்கும். மீதி வாட் எல்லாம் 9 வோல்ட், 11 வோல்ட்டில் போனுக்குப் போகிறது. பை அதைக் கேட்பதும் இல்லை, சார்ஜர் கொடுப்பதும் இல்லை.

அடுத்தது கேபிள். ஒரு கணக்குப் போட்டுப் பார். மெலிசான கேபிளில் போகிற கம்பிக்கும் வருகிற கம்பிக்கும் சேர்த்து 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள். 2 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.4 வோல்ட் போய்விடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்கு வந்து சேர்வது 4.6. ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ‘மின்னழுத்தம் போதவில்லை’ என்று பை எச்சரிக்கும். திரை ஓரத்தில் வரும் மின்னல் அடையாளம் அதுதான். பைக்கென்றே விற்கும் அடாப்டர் 5.1 வோல்ட் கொடுப்பதும் கேபிளில் போகும் இந்த இழப்பை முன்கூட்டியே ஈடுகட்டத்தான்.

விலை கூடின கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. 2019-ல் வந்த முதல் பை 4 போர்டுகளில் யுஎஸ்பி-சி இணைப்புக்கு இரண்டு ரெசிஸ்டர் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். லேப்டாப்போடு வரும், உள்ளே அடையாளச் சிப் வைத்த கேபிளை மாட்டினால், சார்ஜர் அந்தப் போர்டை ஏதோ ஆடியோ அடாப்டர் என்று எடுத்துக்கொண்டு கரண்டே விடாது. சாதாரண கேபிளில் அதே போர்டு ஜோராக ஓடும். பிறகு வந்த போர்டுகளில் இதைத் திருத்திவிட்டார்கள். உன்னுடையது யாரோ கொடுத்த பழைய போர்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இப்போது ஒரு சோதனை. எஸ்டி கார்டைக் கழற்று. கீபோர்டு, பென்டிரைவ், ஜிபிஐஓ பின்களில் சொருகிய வயர் எல்லாவற்றையும் பிடுங்கு. மானிட்டரை முதலில் ஆன் செய்து, பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐயில் கேபிளை மாட்டு. இரண்டில் அதுதான் முதல் போர்ட். பிறகு கரண்ட் கொடு. கொஞ்ச நேரத்தில் போர்டின் விவரங்களும் ‘கார்டு இல்லை’ என்ற தகவலும் எழுத்தாகத் திரையில் வந்தால், போர்டு உயிரோடு இருக்கிறது, ஈஈப்ராம் சரி, மானிட்டர் சரி, கேபிள் சரி. ஒரே சோதனையில் நாலு சந்தேகம் தீர்ந்தது. மிச்சம் கார்டுதான். பை 4-க்கு முந்தைய போர்டுகளில் இந்தத் திரை வராது. பை ஸீரோவில் கார்டு இல்லாவிட்டால் விளக்குக்கூட எரியாது, அதைப் பார்த்துக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

கார்டுதான் என்று தெரிந்தால் அதைத் திரும்பப் போட்டு, பச்சை விளக்கைப் பார். கார்டைப் படிக்கும்போது அது தாறுமாறாகத் துடிக்கும், அது நல்லது. ஒரே கணக்கில் சிமிட்டி, இடைவெளி விட்டு, மறுபடி அதே கணக்கில் சிமிட்டினால் எண்ணிக்கொள். அந்தக் காலத்தில் காசு போகாமல் இருக்க ஒரு மிஸ்டு கால் என்றால் கிளம்பிட்டேன், இரண்டு என்றால் வந்துட்டேன் என்று பேசிவைத்துக்கொண்டோமே, அது மாதிரிதான் இதுவும். 4 முறை என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை. 7 முறை என்றால் கர்னல் கிடைக்கவில்லை. 8 முறை என்றால் ராமில் கோளாறு, அது மட்டும்தான் நம் கைமீறியது.

மற்ற இரண்டுக்கும் கார்டைப் புதிதாக எழுதினாலே போதும். சாதாரணக் கோப்பைப் பென்டிரைவில் போடுகிற மாதிரி இமேஜ் கோப்பை இழுத்துவிட்டால் ஆகாது. ராஸ்பெர்ரி பை இமேஜர் வைத்து எழுது, கடைசியில் அது சரிபார்க்கும்வரை காத்திரு. கார்டு போலியாக இருந்தால் அந்தச் சரிபார்ப்பிலேயே மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எழுதிய கார்டை விண்டோஸில் சொருகினால் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கும். கார்டில் இருக்கும் லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாததால் வரும் கேள்வி அது. சரி என்று தட்டினாயோ, அந்தப் பகுதி முழுக்கப் போச்சு.

இன்னொன்று, இயங்குதளத்தின் வயது. பை 3-ல் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டைப் பை 4-ல் போட்டால் ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. 2019 ஜூனில் பை 4 வந்ததற்கு முந்தைய இமேஜுக்கு அப்படி ஒரு போர்டு இருப்பதே தெரியாது. வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்து அப்படியே நின்றுவிட்டால், ஸ்டார்ட் கோப்பு ஏறிவிட்டது, கர்னல் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்.

பச்சை விளக்கு நன்றாகத் துடித்து ஓய்கிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பு என்றால் பை பெரும்பாலும் பூட் ஆகிவிட்டது, உன்னிடம் சொல்லத்தான் வழி இல்லை. மானிட்டரைப் பிறகு ஆன் செய்திருப்பாய், அல்லது இரண்டாவது எச்டிஎம்ஐயில் மாட்டியிருப்பாய். லேன் கேபிளை ரூட்டரில் சொருகி, ரூட்டர் பக்கத்தில் புதுக் கருவி ஏதாவது சேர்ந்திருக்கிறதா பார். நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்எச்சில் பைக்குள் நுழையும்போது ‘பாஸ்வேர்டு தப்பு’ என்று வந்தால் சந்தோஷப்படு, செத்த போர்டு பாஸ்வேர்டு கேட்காது. பழைய வீடியோக்களில் சொல்லும் ‘பை’ என்ற பயனர் பெயரையும் அதன் பாஸ்வேர்டையும் 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். பெயர், பாஸ்வேர்டு, வைஃபை, நாடு இந்தியா, எஸ்எஸ்எச் எல்லாவற்றையும் கார்டு எழுதும்போது இமேஜரிலேயே கொடுத்துவிடு. நாட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வைஃபை கிளம்பாமலே கிடக்கலாம்.

இதற்கும் மசியவில்லையா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். 3.3 வோல்ட் வகையாகக் கேட்டு வாங்கு, 5 வோல்ட் சிக்னல் பட்டால் பின் எரிந்துவிடும். அதன் கிரவுண்டைப் பையின் 6-ம் பின்னிலும், ஆர்எக்ஸை 8-ம் பின்னிலும், டிஎக்ஸை 10-ம் பின்னிலும் மாட்டு. சிவப்பு வயரை மாட்டாதே. கான்ஃபிக் கோப்பில் யுஆர்ட் என்ற சீரியல் வழியை இயக்கும் வரியைச் சேர்த்து, லேப்டாப்பில் 115200 வேகத்தில் திறந்தால், கர்னல் எந்த வரியில் நின்றது என்பது எழுத்தெழுத்தாக வரும். யூகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கார்டு இல்லாத சோதனையிலும் ஒன்றும் வரவில்லை என்றால் ஈஈப்ராம் கெட்டிருக்கலாம். இமேஜரில் பூட்லோடரை மீட்கும் இமேஜ் ஒன்று இருக்கிறது. அதைக் கார்டில் எழுதிப் போட்டால், வேலை முடிந்ததும் பச்சை விளக்கு ஒரே சீராக வேகமாகச் சிமிட்டும், திரை முழுக்கப் பச்சையாகும். அதுவும் நடக்காவிட்டால் மல்டிமீட்டரை எடு. 17-ம் பின்னுக்கும் 25-ம் பின்னுக்கும் நடுவே 3.3 வோல்ட் வர வேண்டும். 1-ம் பின்னும் 3.3 வோல்ட்தான், ஆனால் பக்கத்திலேயே 2-ல் 5 வோல்ட் இருக்கிறது. புரோப் வழுக்கி இரண்டும் தொட்டுக்கொண்டால் நல்ல போர்டும் போய்விடும். சிவப்பு விளக்கு எரிந்தும் 3.3 வரவில்லை என்றால் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப் போய்விட்டது. அப்போது நீ ‘அவுட்’ என்று சொல், நான் மறுபேச்சு பேசமாட்டேன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. சார்ஜரையும் கார்டையும் சேர்த்து மாற்றி அது ஓடிவிட்டால், எது காரணம் என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பாய். மாற்றியதையும் கண்டதையும் நோட்டில் ஒரு வரி எழுது.

நாளைக்கு எனக்கு எழுதும்போது நாலு விஷயம் இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்ததா, பச்சை எத்தனை முறை சிமிட்டியது, கார்டு இல்லாமல் திரையில் என்ன வந்தது, அடாப்டரில் 5 வோல்ட்டுக்கு எதிரே என்ன போட்டிருந்தது. ‘பூட் ஆகலை’ என்ற வார்த்தை மட்டும் அதில் வேண்டாம். இந்த நாலையும் பார்த்து எழுதி முடிப்பதற்குள் கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் உனக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை புதுப் போர்டுக்கென்று அக்காவிடம் காசு கேட்காதே. கேட்டே ஆக வேண்டும் என்றால் நல்ல அடாப்டர் ஒன்றுக்குக் கேள்.

அன்புடன்,
மாமா